பாட்டுக்கு நடுவே மூச்சு

பெருமாளைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயத்தில் இதைப் பல வருஷமாக எழுதாமலே இருந்தேன்.

போன வாரம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு டிவியில் மகன் விலை குறைந்த ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றைச் செருகினான். சத்தம் தெளிவாக வருவதற்காக, தீப்பெட்டி அளவு ஆடியோ கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, பழைய ஸ்பீக்கரோடு இணைத்தான். பெருமாள் பாட்டு ஓடியது. பாடுகிறவர் வரிகளுக்கு நடுவே மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்கு அப்பாவின் மூச்சு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கு மில் வேலை. பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்திருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மில் மேஸ்திரி வீட்டுக்கு வந்தால் அம்மா டேப்பில் சாமி பாட்டைச் சத்தமாக வைப்பாள். ஒருநாள் மேஸ்திரி காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பாட்டு நின்றதும் அப்பாவின் நெஞ்சு இழுப்பது வீடெல்லாம் கேட்டது.

“எம்புட்டு நாளாடே இப்படி இழுக்கு?” என்றார் மேஸ்திரி.

“சளிதாண்ணே. செத்த நேரத்துல சரியாயிரும்.”

“நாளையிலேருந்து வராதடே. செத்துப்போவ.”

அவர் போன பிறகு அம்மா அழுதாள். “பெருமாள் பாட்டை வச்சே மறைச்சேன்லா. அதான் பெருமாளே கரண்ட்டை நிறுத்திட்டாரு.”

அப்பா பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் சேர்ந்தார். சம்பளம் குறைவு, தூசி கிடையாது. என் கல்யாணம்வரை உயிரோடு இருந்தார். அதைப் பெருமாளின் கருணை என்று நான் நம்புகிறேன். அம்மா கடைசிவரை தண்டனை என்றே நம்பினாள். வீட்டில் பாட்டே வைக்கவிடவில்லை.

இதைப் பிறரிடம் சொல்கிறவர்கள், நான் நம்புவதோடு நிறுத்தாமல், அம்மா நம்பியதையும் மாற்றாமல் சொல்லுங்கள்.