சத்தியம் ஒரு தடவைதான்

ஏமில் ராஷ்கேயின் சவரக்கடைக்கு வருகிறவர் யார் பக்கம் என்று மீசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நுனி இரண்டும் மேலே முறுக்கியிருந்தால் ஹாலந்துக்கு ஓடிப்போன கிழச் சக்கரவர்த்தியின் ஆள். மழித்த முகமென்றால் அவர் மகனுக்கோ பேரனுக்கோ ஏங்குகிறவர். முடியாட்சி போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் அது திரும்பி வந்தால் யார் ஆள்வது என்று போட்ஸ்டாமில் குடும்பத்துக்குக் குடும்பம் வெட்டுப்பழி குத்துப்பழி. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்களே, அந்தக் கதைதான்.

ஏமிலின் மீசை மேல்நோக்கி நின்றது. படையில் சேர்ந்த அன்று கிழவர் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தவர். தங்கை ஹெர்டாவின் கணவர் புரூனோவும் பக்கத்தில் நின்று அதே சத்தியத்தைச் செய்தவர்தான். போர் தோற்றதும் அவர் மனம் மாறிவிட்டது.

“ஓடிப்போன ஆளுக்கு என்ன மச்சான் விசுவாசம்? பேரன் இருக்காரு, எளரத்தம். அவருதான் சரி” என்றார் ஒருநாள் மதுக்கடையில்.

“சத்தியம்னா ஒரு தடவைதான் மாப்ளே. ராஜாவை மாத்துற மாதிரி பொண்டாட்டியையும் மாத்துவியோ?”

சொன்ன பிறகுதான் அந்தப் பொண்டாட்டி தன் தங்கை என்பது ஏமிலுக்கு உறைத்தது. புரூனோ கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு அற்றது. ஏமிலுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தங்கை வீடு ஒன்றுதான் போக்கிடம். வருஷக்கணக்கில் கிறிஸ்துமஸன்று கடையில் தனியாக உட்கார்ந்து வறட்டு ரொட்டி தின்றார். வீம்பு மட்டும் குறையவில்லை.

இதற்கிடையே பழுப்புச் சட்டை போட்ட அடியாட்களோடு ஒரு புதுக் கட்சிக்காரர்கள் தலையெடுத்தார்கள். ‘இவங்க குப்பையக் கூட்டித் தள்ளட்டும், பின்னாடியே ராஜா வந்துடுவாரு’ என்று ஏமில் அவர்களுக்கே ஓட்டுப் போட்டார். புரூனோவும் அப்படியே. அடித்துக்கொண்ட இரண்டு பேரும் இந்த ஒரு மடத்தனத்தில் மட்டும் ஒற்றுமை. நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அவர்கள் ஆட்சியைப் பிடித்த வருஷம் கோடையில், சக்கரவர்த்தியின் பேரன் ராஜவம்சம் அல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டு பட்டத்து உரிமையை விட்டுக்கொடுத்தார். ஏமில் நேரே தங்கை வீட்டுக்குப் போய்ப் புரூனோவின் எதிரில் நின்றார்.

“உன் ஆளு பொண்ணு பின்னாடி போயிட்டாராமே!”

“நக்கலடிக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தியா?”

“இல்ல மாப்ளே. ஜனவரியில கிழவர் பொறந்தநாள், மதுக்கடையில விருந்து. என் மேசைக்கு வா. நீ யார் பேரைச் சொல்லி வேணும்னாலும் குடி. பக்கத்துல உக்காந்தா போதும்.”

புரூனோ வந்தார். மதியம், மதுக்கடையின் பின்கூடத்தில் பன்றிக்காலும் புளித்த முட்டைக்கோசும் பரிமாறியிருந்தார்கள். “போகுது, கிழவருக்கே!” என்று அவர் கோப்பையை உயர்த்தியபோது ஏமிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அவர் வாழ்க்கையில் அதற்குப் பிறகு இல்லை.

கதவை உடைத்துக்கொண்டு பழுப்புச் சட்டைக்காரர்கள் நுழைந்தார்கள். இனி ராஜா பேச்சே கூடாது என்று கத்தினார்கள். ஒருவன் சுவரிலிருந்த கிழவரின் படத்தைப் பிடுங்கப் போனான். புரூனோதான் குறுக்கே போய் நின்றார்.

“இது எங்க குடும்பச் சண்டை. நடுவுல நீ யாருடா?”

நாற்காலிக் கால் அவர் மண்டையில் இறங்கியது. ஏமில் மேசைக்கடியில் இருந்தார். அங்கிருந்து மாப்பிள்ளையின் பூட்ஸ் துடிப்பதுதான் தெரிந்தது. வெளியே வர உடம்பு மறுத்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் புரூனோவின் உயிர் போயிற்று. காவல் நிலையத்தில் ஏமிலை நிற்கவைத்தே கேட்டார்கள். மூலையில் ஒரு பழுப்புச் சட்டை ஆப்பிளை நறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

“மதுக்கடை வாசல்ல பனிக்கட்டியில வழுக்கி விழுந்தாருன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்களும் பாத்தீங்கல்ல?”

“ஆமா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அடக்கம் முடிந்து ஹெர்டா வீட்டில் காப்பி கொடுத்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“வழுக்கி விழுந்தாருன்னு நீயே சொன்னியாமே. அன்னிக்கு அவரோட அந்த வாசல்வரைக்கும் நானும் நடந்துதான் வந்தேன். தெருவுல பனி ஏது அண்ணா?”