மனப்பாடம் மறந்துபோன நாள்

அன்பான சபையாரே, மைக் முன்னால் நிற்பது எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். பொறுமையாகக் கேளுங்கள்.

2005-ஆம் வருஷம். நாங்கள் அஜ்மானில் இருந்தோம். அப்பாவுக்கு துபாயில் ஸ்டோர்கீப்பர் வேலை. நான் ஒரே பிள்ளை. எனக்கும் இயற்பியலுக்கும் ஆகவே ஆகாது, சமூகவியல் படிக்கத்தான் ஆசை. பல்கலைக்கழகத்தில் முதலில் ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் படி, அதில் தேறினால் பட்டப்படிப்பில் சேரலாம் என்றார்கள்.

தேறாவிட்டால்? பதினெட்டு வயது தாண்டிய ஆண்பிள்ளை படித்துக்கொண்டிருந்தால்தான் அப்பாவின் விசாவில் இருக்க முடியும். படிப்பு போனால் விசாவும் போகும். நான் தனியாக ஊருக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் இருக்க வேண்டும். அம்மா அதை நினைத்தே பாதி ஆளாகிவிட்டாள்.

எனக்கு ஒரு திறமை இருந்தது, மனப்பாடம். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் ஞாயிறு பள்ளியையும் அன்றைக்கே நடத்துகிற ஊர் அது. அங்கே வசனப் போட்டி வைத்தால் பரிசு எனக்குத்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே ஓட்டிவிட்டேன். ஃபவுண்டேஷனில் குடும்பம் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இருந்ததை ஒரு காற்புள்ளிகூட மாறாமல் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வகுப்பு ஆசிரியை ஒரு வெள்ளைக்கார மேடம். கூப்பிட்டு, "எதைப் பார்த்துக் காப்பியடித்தாய்?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எதையும் பார்க்கவில்லை என்று நிரூபிப்பதற்காக, அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு, முழுக் கட்டுரையையும் கடகடவென்று ஒப்பித்தேன். பாராட்டுவார் என்று வேறு நினைத்தேன்! அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதில் உன்னுடையது எது?" என்றார். மதிப்பெண் பூஜ்யம்.

அதன்பிறகு எதை எழுதினாலும் சறுக்கல்தான். சொந்தமாக எழுது என்றால் பேனா நகரவில்லை. கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு மிஞ்சியது. ஒரு சமூகம் எதனால் சேர்ந்து நிற்கிறது என்று மூன்று ஆசிரியர்கள் முன்னால் பேச வேண்டும். அதில் தேறினால் மேலே போகலாம். இல்லையென்றால் கலாஸ், எல்லாம் முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அம்மா உபவாசம் இருந்தாள். நான் என்ன செய்தேன்? நூலகத்துப் புத்தகத்திலிருந்து ஒரு நீண்ட பேச்சைத் தயாரித்து மறுபடியும் உருப்போட்டேன். அழுது அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, ஒரு வரிகூட மறந்துவிடக் கூடாது. எனக்கு ஞாபக சக்தி தாரும்." இதுதான் என் ஜெபம். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. அப்பா லீவு போட்டுவிட்டுக் காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே போய் நின்றேன். வாயைத் திறந்தேன். முதல் வரி வரவில்லை. இரண்டாவது வரியும் வரவில்லை. வாழ்க்கையில் எதையுமே மறக்காதவனுக்கு எல்லாமே துடைத்தாற்போல் போய்விட்டது. ஆண்டவரே, இப்படிக் கைவிட்டீரே என்று உள்ளுக்குள் கதறினேன்.

அந்த மூவரில் எங்கள் வகுப்பு மேடமும் ஒருவர். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "சரி, அதை விடு. போன வெள்ளிக்கிழமை என்ன செய்தாய்?"

"கோவிலுக்குப் போனேன்" என்றேன்.

"அங்கே என்ன நடந்தது?"

நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஆராதனை முடிவில், லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். பாஸ்டர் பிரயாணத்துக்காக ஜெபிப்பார். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பார்சலோடு ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அந்த வாரம் நின்றவர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த செல்வராஜ் அண்ணன். "அண்ணே, பிள்ளைக்கு ஒரு ஷூ மட்டுந்தான், வெயிட்டே இருக்காது" என்று ஒருவர் கெஞ்சினார். "தம்பி, எம் பொண்ணு கல்யாணத்துக்குச் செயின். பாத்துக் கொண்டு போயிருய்யா" என்று ஓர் அக்கா கையில் திணித்தார். அண்ணன் தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு அதையெல்லாம் வாங்கிக்கொண்டார். வெளியே கேம்ப் பஸ் டிரைவர் கான் பாய், "யல்லா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த அக்காவுக்கு அவர் சொந்தக்காரரா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லை. அவர் பெயர்கூட அக்காவுக்குச் சரியாகத் தெரியாது."

"ரசீது?"

"யாரும் கேட்க மாட்டார்கள்."

"பிறகு எப்படித் தங்கத்தைக் கொடுத்தார்?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. நானே யோசித்தேன். "இந்த வாரம் இந்த அண்ணன் எழுந்து நின்றார், அடுத்த மாதம் இன்னொருவர் நிற்பார். இன்றைக்குக் கொடுக்கிறவர் ஒருநாள் கொண்டுபோகிறவர் ஆவார். எல்லாருடைய வீடும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் சேர்ந்து நிற்கிறோம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேறிவிட்டேன். வெளியே வந்து சொன்னதும் அப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். வீட்டில் அம்மா, "நாந்தான் சொன்னேம்லாய்யா, அவரு கைவிட மாட்டாருன்னு" என்று என் தலையைத் தடவினாள். உபவாசம் முடிந்து அன்றைக்கு அவள் குடித்த கஞ்சியின் வாசனைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கேட்டது ஞாபகம். கர்த்தர் கொடுத்தது மறதி. அதுதான் பதில் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

இப்போது நான் இங்கே கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா அம்மா ஊருக்கே வந்துவிட்டார்கள். அஜ்மான் வீட்டு ஜன்னலில் ஓயாமல் இரைகிற அந்த ஏசியும், கோவில் வாசலில் காகிதக் கப்பில் கிடைக்கும் டீயும், கான் பாயின் ஹாரனும் இன்றைக்கும் ஏங்க வைக்கின்றன. அந்த மூன்று பேர் முன்னால் நின்ற நாளிலிருந்து என் ஜெபமும் மாறிவிட்டது. உருப்போட்ட வார்த்தைகள் போய்விட்டன. மனதில் இருப்பதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுகிறேன்.

சங்கடத்தோடு வந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த அக்கா செயினைக் கொடுத்த பிறகு செல்வராஜ் அண்ணன் பின்னாலேயே ஓடவில்லை. இப்படிக் கொண்டுபோ, அப்படிக் கொண்டுபோ என்று சொல்லிக்கொண்டும் நிற்கவில்லை. கொடுத்தார், போய் டீ குடித்தார். பெயர் தெரியாத மனுஷனையே நம்மால் அப்படி நம்ப முடிகிறதே! உங்கள் பாரத்தை ஆண்டவர் கையில் கொடுங்கள். எந்த வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் போய் டீ குடியுங்கள்.