சின்னத் தாழி

புதுச்சேரியிலிருந்த அரசு அருங்காட்சியகத்துக்கு நான் போக ஆரம்பித்தது சிலைகளைப் பார்க்க அல்ல, உட்காருவதற்கு. ஆஸ்பத்திரியில் காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டு, "ரிசல்ட் மதியத்துக்கு மேலதான்" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊர் மரக்காணம் போய்த் திரும்ப நேரம் போதாது. கடற்கரையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால், சுண்டல் விற்பவரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் விசாரிக்கத் தோன்றிவிடும். கல் சாமிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு.

அங்கே காவலுக்கு ஓர் அம்மா இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டே இருப்பார். அறைக்குள் ஆள் வந்தால் ஃபேனைப் போடுவார், போனதும் அணைப்பார். ஒரே பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த என்மேல் அவருக்குக் கொஞ்சம் கடுப்பு. இரண்டாவது முறை போனபோது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாராச்சும் வர்றாங்களாம்மா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. காலேஜ் ஜோடிகள் அங்கேதான் சந்தித்துக்கொள்வார்களாம். விளங்கியதும் தாலியை எடுத்துப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, "வூட்டுக்காரர் வருவாரு" என்றேன். வரமாட்டார் என்று எனக்கே தெரியும். உப்பு வாரும் நாட்களில் அவரை உப்பளத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. மதியச் சோற்றைக்கூட நான்தான் அளத்தை ஒட்டிய பெரிய கரை வழியாக நடந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த அம்மா, "இன்னைக்கும் வரலியா அவரு?" என்பார். கேலியா இரக்கமா என்று பிடிபடவில்லை. என்னை விசாரிக்க ஊரில் அந்த ஒரு ஆள்தான் இருக்கிறார் என்று நினைத்து, பஸ்ஸில் ஒருநாள் அழுதிருக்கிறேன்.

2005-ஆம் வருஷம் அது. சுனாமி வந்து சில நாட்களில், ஏழாம் மாதத்திலேயே எனக்குக் குழந்தை பிறந்தது, இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. ஏன் இப்படி ஆனது என்று பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில் அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். பெற்று வளர்த்த பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கும் இடத்தில், மூச்சே விடாத பிள்ளைக்காக அழுவது எனக்கே அதிகப்படியாகத் தெரிந்தது. "அடுத்தது நல்லபடியா பொறக்கும், வுடு" என்று மாமியார் முடித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆண்கள் எடுத்துப் போனார்கள், வந்து குளித்தார்கள், அவ்வளவுதான். பெற்றவளுக்கு இடம் தெரிந்தால் மனசு அங்கேயே சுற்றுமாம், அடுத்த பிள்ளை தங்காதாம். கணவரிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

போதாக்குறைக்கு அதே வாரத்தில் என் பச்சை நூல்புடவையும் காணாமல் போனது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட புடவை. மாசமாக இருந்தபோது வயிற்றுக்கு இதமாக இருக்கிறதென்று அதையேதான் திரும்பத் திரும்பக் கட்டினேன். பீரோ, பரண், கொடி என்று ஓர் இடம் விடாமல் தேடினேன். "எங்கயாவது இருக்கும்" என்பார் கணவர். பிள்ளை போன வீட்டில் புடவைக்கு அழுகிறாளே என்று நாத்தனார் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கவனித்தேன். உள்ளே ஒரு மண் தாழி. தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம். அட்டையில், "குழந்தையைப் புதைத்த ஈமத்தாழி" என்று எழுதியிருந்தது. எந்தக் காலத்து ஜனங்களோ, தங்கள் பிள்ளையை மண் படாமல் பானையில் வைத்து, பசிக்குமே என்று கிண்ணமும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அந்தத் தாய்க்கு இடம் தெரிந்திருக்கும்.

ஐப்பசி மழை பிடித்து அளத்தில் வேலை நின்றபோது, கணவரை வம்படியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் கொடுத்துவிட்டு நேராக அருங்காட்சியகம்.

"அட, வந்துட்டாரா!" என்று அந்த அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார். மழைக் குளிரில் ஃபேனை வேகமாக வைத்தார்.

நான் கணவரைத் தாழியின் முன்னால் நிறுத்தினேன். அட்டையைப் படித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், போய்விடலாமா என்கிற மாதிரி. நான் வழிவிடவில்லை.

"இவங்க பானை குடுத்திருக்காங்க. நம்ம புள்ளைய நீங்க எதுல வச்சீங்க? வெறும் மண்ணுலயா?"

"வெறும் மண்ணுல வைப்பனா?" என்றார். கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்தது. "உன் பச்சைப் புடவையிலதான் சுத்தி வச்சேன். பனியா இருந்துச்சி. உன் வாசனையும் இருக்குமேன்னு..."

கண்ணாடியில் கை வைக்கக்கூடாது. நான் வைத்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, கீழே வைத்த பூவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்க?" என்றேன்.

"எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணி ஊறுது. பெரிய கரை மேலதான் ஊறல. அங்க, வேலிக்காத்தான் மரத்து ஓரமா."

வெயில் தாங்காமல் சோற்றுத் தூக்கை இறக்கிவைத்து, தினமும் நான் கொஞ்ச நேரம் நிற்கிற நிழல் அது.

அன்றைக்கு ரிசல்ட் வாங்க நாங்கள் காத்திருக்கவில்லை. மரக்காணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல், மழையோடு கரைக்கு நடந்தோம். அவர் முன்னால் போனார். எனக்கு வழி தெரிந்திருந்தது.