மாமனார் எதிரில் சோறு

வயிறு நிறையச் சாப்பிட வெட்கப்பட்ட கதையைச் சொன்னால் என் மருமகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். எங்கள் காலத்தில் அப்படியா? சுங்கை பெசார் பக்கம் என் தாய் வீட்டில், ஆண்கள் கை கழுவிய பிறகுதான் அம்மா குசினியில் தட்டை எடுப்பார். அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்று அப்பாவுக்கே தெரியாது. பெண்பிள்ளை சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் என்னையும் வளர்த்தார்கள்.

அந்தப் பழக்கத்தோடு உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல். தலைப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது புதுச் சட்டம் ஒன்று வந்தது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாதாம். அதனால் எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இருக்கக் கூடாது. சோறு பொதுக் கொட்டகையில் வேகும். குழம்பை மட்டும் வீட்டில் வைத்து எடுத்துப் போகலாம். மத்தியானமும் ராத்திரியும் தலைக்கு ஒரு தட்டு. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மாவுக்கு இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த வீட்டில் ரொட்டி, வெண்ணெய், முட்டை என்று ஏதாவது இருக்கும். நாங்கள் சோற்றுக்குப் பிறந்தவர்கள். இருட்டோடு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரம் சீவப் போய்த் திரும்பினால், அந்தத் தட்டுதான் உயிர்.

ரேஷன் கார்டைச் சரிபார்க்க வசதி என்று குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் நானும் புருஷனும், எதிரில் மாமனார். மாமியார் காலமாகியிருந்தார். மாமனார் தங்கமான மனிதர், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனாலும் மாமனார் மாமனார்தானே! அவர் எதிரில் வாயைத் திறக்கவே எனக்குக் கூசியது. நாலு வாய் கொறித்துவிட்டு மீதியைப் புருஷன் தட்டில் தள்ளிவிடுவேன். அந்த மனுஷனும், சொன்னால் வெட்கக்கேடு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டார்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு சீனக் குடும்பம். அந்தப் பெண்ணுக்கும் கைக்குழந்தை. மாமனார், மாமியார், புருஷன் எல்லார் எதிரிலும் கிண்ணத்தை வாயோடு பிடித்துக்கொண்டு குச்சியால் மளமளவென்று தள்ளுவாள். சீ, என்ன பொம்பளை இவள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. என் பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதான். பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று மருந்துக் கொட்டகை டிரெசர் சொன்னார். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு, வயிறு நிறையத்தான் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் அந்தச் சீனப் பெண்தான் போட்டு உடைத்தாள். சோற்றைத் தள்ளப் போன என் கையை எட்டிப் பிடித்தாள். இவள் தினமும் தன் சோற்றைப் புருஷனுக்குக் கொடுக்கிறாள், பிள்ளைக்கு எங்கேயிருந்து பால் வரும் என்று, எல்லாருக்கும் தெரிந்த மலாயில், கொட்டகைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். என் மானமே போச்சு. புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மாமனார் என் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் அவர் எங்களோடு உட்காரவில்லை. தட்டை வாங்கியதும் பொதுவாக, "நீங்க சாப்புடுங்க. எனக்கு உள்ள புழுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். முள்கம்பி ஓரம், மர நிழலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டார். எனக்காகத்தான் என்று புரிந்தது. புருஷன் என் தட்டை என் பக்கமே நகர்த்தி வைத்தார். சாப்பிட ஆரம்பித்தேன்.

கம்பி ஓரம் சோற்றுத் தட்டோடு ஒருவர் குந்தியிருந்தால் காவல்காரனுக்கு என்ன தோன்றும்? கத்திக்கொண்டே ஓடினான். தட்டைத் தட்டிவிட்டான். யாருக்குக் கொடுக்க வந்தாய் என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். மருமகள் சோறு தின்பதை நாலு ஆண்பிள்ளைகள் முன்னால் பேசுவதா? காற்று வாங்க வந்தேன் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஓடிப்போய் நின்ற புருஷனும் அதையேதான் சொன்னார். மாமனாரை மட்டும் லோரியில் ஏற்றினார்கள். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் எழவில்லை. பாவி, கை மட்டும் நிற்கவில்லை. லோரி வாசலைத் தாண்டும்போது நான் தட்டை வழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவும், அடுத்த நாளும், எதிர்ப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நான் தட்டு நிறையச் சாப்பிட்டேன்.

பெரிய கிராணி போய்ப் பேசி அவரை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. காலில் விழ வேண்டும் என்று நினைத்தவள், அவர் வருவதைப் பார்த்ததும் பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வயிறாரச் சாப்பிட்டியா, தாயி?"

ஆமாம் மாமா என்று சொல்ல வேண்டும். முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டேன். பிள்ளை மார்பில் மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்குமே என்று, அப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.