அண்ணனின் காயமும் அண்ணி சொன்ன வார்த்தையும்

அண்ணன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வருடம் கழிந்துவிட்டது. இன்று படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு பணியாற்றிய நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம்.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா ஏரித் தண்ணீரில் நெல் வைத்தவர். நிலமெல்லாம் மனையான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போனார். பத்தாம் வகுப்புக் கணக்கில் அண்ணன் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறினார். துணை ராணுவப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடினார். மழையில் கரை வழுக்கி விழுந்து முட்டி தேய்ந்து வருவார், மறுநாளும் ஓடுவார். வேலை கிடைத்தது. நெமிலிச்சேரியிலிருந்து அண்ணி வந்தார். குழந்தை இல்லை. அதைப் பற்றி அண்ணிக்கு எதிரே யாரும் ஒரு சொல் பேச அண்ணன் விட்டதில்லை.

வடக்கே ஒரு காட்டுப் பகுதியில் ரோந்து போனபோது, மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த குண்டு வெடித்தது. அண்ணனுக்கு முன்னால் நடந்தவர் அங்கேயே இறந்துபோனார். அண்ணனுக்கு இடது தொடையின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழிருந்து முழங்கால் வரை சதை பிய்ந்துபோனது. எலும்பு தப்பியது. காயத்துக்குள் மண், சீருடைத் துணி, சருகு எல்லாம் புகுந்திருந்தன.

அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு நானும் அண்ணியும் இரண்டு நாள் ரயிலில் போய்ச் சேர்ந்தோம். கட்டு மாற்றும்போது நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய காயம் தையலே இல்லாமல் திறந்து கிடந்தது. யாரும் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அங்கிருந்த தமிழ் தெரிந்த பெண் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

“இன்னா டாக்டர், இப்டி தொறந்து போட்டு வெச்சிருக்கீங்க? ஏன் தைக்கல?”

அவர் கோபப்படவில்லை. “இப்ப தைச்சா அழுக்க உள்ள வெச்சு மூடின மாதிரி ஆயிடும்மா. செத்த சதைய கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறோம். எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு ஒரே நாள்ல தெரியாது. சுத்தமாகற வரைக்கும் தொறந்துதான் இருக்கணும்.”

“கால் நிக்குமா டாக்டர்?”

“கிருமி மேல ஏறலன்னா நிக்கும். ஏறினா, கால விட உயிர்தான் முக்கியம்.”

இரண்டு நாளுக்கு ஒருமுறை அண்ணனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகப் போர்வைக்குள் கையை விட்டுத் தடவுவார். அழுதுகொண்டு நிற்கும் என்னிடம், “இன்னா பாப்பா அழுதுகினு கீற? கால் கீது பாரு” என்பார். பிறகு காயத்தின் மேல் நுரைப் பஞ்சு வைத்து, ஒட்டி மூடி, குழாய் வழியாக நீரை உறிஞ்சும் இயந்திரம் பொருத்தினார்கள். புதுச் சதை வளர்ந்தபின் சென்னைக்கு மாற்றி, வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். குண்டு பட்ட இடத்தைவிடத் தோல் எடுத்த இடம்தான் எரிகிறது என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஓரங்கள் இன்னும் ஆறவில்லை. கட்டு மாற்ற ஆஸ்பத்திரியிலேயே ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். “சிவப்பா இருந்தா பயப்படாதீங்க, அது நல்ல சதை. மஞ்சளாவோ சாம்பலாவோ மாறினா, வாசனை மாறினா, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. ஒட்டின தோல்ல உணர்ச்சி இருக்காது. அவருக்கு வலிக்கலன்னு நீங்க சும்மா இருக்கக் கூடாது.”

முதல் நாள் கட்டைப் பிரித்ததும் அண்ணி மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து நான்தான் தினமும் போய்க் கட்டினேன். நான்கு மாதம். அண்ணி குளிப்பாட்டினார், துணி மாற்றினார், மலம் எடுத்தார். காயத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் தாங்கித் தாங்கி நடந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஆவடியிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அன்று முன்னால் நடந்து இறந்தவரின் மனைவிக்கு மாதம் ஒருமுறை போன் செய்வார். அரைகுறை இந்தியில் ஐந்து நிமிடம் பேசுவார்.

இரண்டு வருடம் நன்றாக இருந்தது. உட்கார்ந்தே இருந்ததில் ஒட்டிய தோலில் ஒரு சிறு புண் வந்தது. வாரம் இரண்டு முறை மருந்து வைத்தேன். ஒரு நாள் அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“வேற மாதிரி வாசன வருதுமா. பெட்ஷீட் மாத்தறப்ப பாத்தேன். எனக்கு இன்னாவோ போல கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா?”

“அது மருந்து வாசன அண்ணி. தெனம் பாத்தவ நானு. எனக்குத் தெரியாதா?”

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனும் உள்ளிருந்து, “எனக்கு ஒன்னும் நோவல, வுடு” என்றார். வலிக்காது என்று நர்ஸம்மா சொன்னது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நான்காம் நாள் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. தழும்புக்கு அடியில் சீழ் கோத்து, நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் திறந்தார்கள், கழுவினார்கள். ஒன்பது நாள் போராடினார். நாற்பத்தொரு வயதில் போய்விட்டார்.

சாவு வீட்டில், “பொண்டாட்டி ஒரு நாளாவது அந்தப் புண்ண பாத்திருந்தா இப்டி ஆயிருக்குமா?” என்று உங்களில் சிலர் பேசினீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயந்தேன். அண்ணி முதலிலேயே சொன்னார், நான்தான் தட்டிவிட்டேன் என்பதை ஒரு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். “இத போட்டுத்தான் ஆவணுமா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்டினா நாலு மாசம் நீ கட்டு கட்னதயும் வுடாம போடு. அது இல்லனா அவரு அப்பவே போயிருப்பாரு” என்றார். அவர் சொன்னதால்தான் அந்த வரி மேலே இருக்கிறது.

காட்டிலிருந்து அண்ணனைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்த தோழர்களுக்கும், காலைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர்களுக்கும், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த நர்ஸம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போகும்முன் அண்ணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். இந்த ஒரு வருடமாக அவரிடம் யாரும் சரியாகப் பேசவில்லை.