சவுக்குத் தோட்டத்துக்குப் போன தண்ணீர்

எங்கள் உதவிப் பொறியாளர் மேடத்தின் கைப்பையில் எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். ஒன்று அவர் குடிப்பதற்கு. இன்னொன்று, நகரத்துச் சாக்கடைத் தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்து, தொட்டி தொட்டியாக மாறித் தெளிந்த பிறகு, சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியில் பிடித்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்து இரண்டையும் எடுத்து வைத்து, "இதுல எதுங்க நம்ம பிளான்ட்டு தண்ணி, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். விக்கிரவாண்டியில் ஒரு டீக்கடையில் நான் முந்திக்கொண்டு, முழு நம்பிக்கையோடு ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அது அவர் வீட்டில் காய்ச்சி எடுத்து வந்தது. நான் அந்தப் பிளான்ட்டிலேயே வேலை பார்ப்பவன் என்பதை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மனசு.

நான் நகராட்சியின் குடிநீர், கழிவுநீர்ப் பிரிவில் பணி ஆய்வாளர். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள்; விழுப்புரம், திண்டிவனம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தையும் சொன்னால் என் பென்ஷன் மேலும் கீழும் ஆடும். தெளிந்த தண்ணீரை நாங்கள் ஓடையில் விட்டு வீணாக்கிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் போர்வெல்கள் காற்று ஊதிக்கொண்டிருந்தன. இந்தத் தண்ணீரை வயலுக்குக் கொடுத்தால் என்ன என்பது மேடத்தின் ஒரே பிடிவாதம். ஊர் ஊராகப் போனோம். கரும்புக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தவர்கள் மேடத்துக்கு மரியாதையாக டீ கொடுத்து, எங்களை ஜல்தியாக வழியனுப்பினார்கள். கடைசியில் கெடார் போகும் வழியில் ஒரு அக்கா சம்மதித்தார். கணவர் இல்லை. கொஞ்சம் நிலம், அதில் அப்போதுதான் நட்ட சவுக்குக் கன்றுகள், வற்றிப்போன ஒரு போர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நடுவுல நிறுத்திட மாட்டீங்களே மேடம்? பாதி உசரத்துல காய வுட்டுட்டா நான் பேஜாராயிடுவேன்."

"நான் இருக்கிற வரைக்கும் தண்ணி நிக்காதுங்க" என்றார் மேடம்.

குழாய் போட்டுத் தண்ணீரும் பாய்ந்தது. அடுத்த வம்பு களையெடுப்பில் வந்தது. வழக்கமாக அந்த நிலத்துக்கு வரும் பெண்கள் வரப்போடு நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஜனத்த அந்தச் சாக்கடத் தண்ணியில எறக்குனது போதும்மா. இன்னும் எங்க தலைமொறையுமா எறங்கணும்?" மேடம் பையில் இருந்த பாட்டில்களை எடுக்கவில்லை. அதற்கெல்லாம் பதில் பாட்டிலில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "சரிம்மா. அப்ப மொதல்ல நாங்க எறங்கறோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பிரிவே வயலில் நின்றது. டிரைவர், பம்ப் ஆபரேட்டர், ஓவர்சியர், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிய நான். மேடம் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். களையென்றால் புல் மாதிரி இருக்கும், செடியென்றால் இலையும் பூவுமாக இருக்கும் என்பது நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த அறிவு. அதன்படி மெல்லிசாக ஊசி ஊசியாக நின்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். மஞ்சள் பூவோடு அழகாக நின்ற ஒரு செடியை மட்டும் காப்பாற்றி, சுற்றிலும் மண் அணைத்து, தண்ணீர் நிற்கப் பாத்தியும் கட்டினேன். வரப்பிலிருந்து அலறல் கேட்டது.

"அய்யோ சாரு, அது சவுக்கு! புடுங்காத! துத்திக்குப் பாத்தி கட்டிக்கினு இருக்காரு பாருடி, இன்னா படிச்சாரோ!"

அலறியவரே வயலுக்குள் குதித்து என் கையிலிருந்த கன்றுகளைப் பறித்தார். பின்னாலேயே மற்றவர்களும் சிரித்துக்கொண்டே இறங்கி, நான் கொன்றதையெல்லாம் திரும்ப நட ஆரம்பித்தார்கள். ஈர மண்ணில் கணுக்கால் வரை நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பதே அவர்களுக்கு உறைத்தது. மூத்தவர் ஒரு பிடி சேற்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "வெறும் சேத்து வாசனதான் வருது" என்றார். பிறகு மேடத்திடம், "நாளைலேருந்து நாங்க வர்றோம். இந்த சார மட்டும் இட்டுக்கினு வராதீங்க." மேடம் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதுவும் தெரியாமல் செய்தது.

சவுக்கு வளர்ந்தது. அதைப் பார்த்துத் திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலைகள் விசாரித்தன. குளிர்விக்க, கழுவ, தோட்டம் வளர்க்க என்று அவர்களும் அந்தத் தண்ணீரை வாங்க ஆரம்பித்தார்கள். அதற்குள் மேடத்துக்குத் தெற்கே மாற்றல் வந்துவிட்டது. பிறகுதான் பரிசு வந்தது. தொழில் அமைப்பு ஒன்று, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தி நிலத்தடி நீரைக் காப்பாற்றும் நகராட்சி என்று எங்களைத் தேர்ந்தெடுத்துச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் விழா வைத்தது. திரையில் படம் காட்டினார்கள். களையெடுத்த அன்று டிரைவர் எடுத்தது; கையில் பிடுங்கிய சவுக்குக் கன்றோடு நான். கீழே 'மரம் நடும் பணியாளர்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மேடத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது எனக்குத் தூக்கம் மட்டும்தான் வந்தது.

பரிசுக்குப் பிறகு இன்னும் இரண்டு கம்பெனிகள் கேட்டன. ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு முதலில் தண்ணீர் என்று முடிவானது. சவுக்கு அக்காவிடம் ஒப்பந்தம் இல்லை. மேடத்தின் வாய்வார்த்தைதான் இருந்தது. முதல் சவுக்கை வெட்டி விற்று அவர் இரண்டாம் முறை நட்டிருந்தார். அது பாதி உயரத்தில் நின்றபோது வால்வு மூடப்பட்டது. மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் எல்லாம் அவர் வந்தார்.

"நாத்தம்னு ஊரே மூக்கப் புடிச்சப்ப நான் வாங்கிக்கினேன் சாரு. இப்ப பெரிய ஆளுங்க கேக்கறாங்கன்னதும் என்னை வுட்டுட்டீங்களே."

நான் மேலே எழுதினேன். விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. விளக்கம் எழுதினேன். அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு வந்தது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எல்லோரும் அவரவர் நாற்காலிக்கு ஏற்றபடி நியாயமாகவே இருந்தார்கள். அதுதான் அதிகம் அலுப்பாக இருந்தது. ஒருநாள் மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கன்னு வாடிடுச்சா?" என்றார். "நுனி கருக ஆரம்பிச்சிருக்கு மேடம்" என்றேன். "இங்கேயும் ஒருத்தர்கிட்ட தண்ணி தர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். எத்தனை நாளைக்கு என்று சொன்னீர்கள் எனக் கேட்க வாய் வரை வந்தது. என் நக்கலுக்கும் ஒரு எல்லை உண்டு, கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வந்தார். மனு இல்லை. பையிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்து நீட்டினார். "போரு போடறேன் சாரு. முன்ன வுட ஆழமா. காதுத் தோட்டை வித்துட்டேன். பூஜைக்கு வந்துடுங்க, ஒங்களுக்கும் தண்ணி வேலதானே."

போனேன். எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டியதும் போர் போடும் வண்டி உறுமத் தொடங்கியது. வெகுநேரம் வெள்ளைப் புழுதியாகவே வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு, கடவுளே தண்ணீர் வரட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு புழுதி சேறானது. சேறு தெளிந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. எல்லோரும் நனைந்துகொண்டே கைதட்டினார்கள். நிலத்தடி நீரைக் காப்பாற்றியதற்குப் பரிசு வாங்கிய துறையின் சார்பாக நானும் தட்டினேன். மேடத்திடம் இதை இன்னும் சொல்லவில்லை.