ஐயனார் தள்ளிவிட்ட வாத்தியார்

திருக்கனூர் பிண்ணாக்குக் கடைக்காரருக்கு ஒரே பிள்ளை தெய்வநாயகம். பெயரில்தான் தெய்வம், மற்றபடி சாமி, பூதம் எதையும் நம்பியவரில்லை. தாவரவியல் படித்துப் புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியரானார். ஊரெல்லாம் மரத்தைக் கீழிருந்து பார்த்தால் இவர் மேலேறிப் பார்த்தார். மரத்தின் பாதி வாழ்க்கை உச்சியில்தான் நடக்கிறது, அண்ணாந்து பார்ப்பவனுக்கு அதில் என்ன தெரியும் என்பார். அதைக் கேட்க வீட்டிலும் ஆளில்லை, கல்லூரியிலும் ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில், பாகூர் ஏரிக்கு மேற்கே ஓர் ஊரில், ஐயனார் கோயில் காடு அவருக்கு வாய்த்தது. வீரை மரமும் உலக்கைப் பாலை மரமும் தோளோடு தோள் சேர்ந்து நின்ற சின்னக் காடு. ஞாயிறுதோறும் தவளக்குப்பத்தில் பஸ் மாறி வந்து, கயிறு கட்டி ஏறுவார். மேலே போனால் அது தனி ஊர். பொந்தில் கொசுத்தேனீ குடியிருக்கும், கிளை இடுக்கில் ஆர்க்கிட் தொற்றியிருக்கும், செவ்வெறும்பு இலைகளைச் சேர்த்துத் தைத்து வீடு கட்டியிருக்கும். இறங்கும்போது ஆராய்ச்சிக்கென்று நாலு கொப்பு ஒடித்துச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு போவார்.

பூசாரி இருசப்பன் முதல் நாளே தடுத்தார். "இன்னா சார் பண்றீங்க? இந்தக் காட்டுல உதுந்த சுள்ளியக்கூட எவனும் வூட்டுக்கு எடுத்துகினு போவ மாட்டான். சாமி கையக் கால வாங்கிடும்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது, நீங்களே பாருங்க," என்றார் தெய்வநாயகம்.

ஊர் பார்த்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் பார்த்தது. வாத்தியாருக்குத் தலைவலிகூட வரவில்லை. போதாததற்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டார்.

அடுத்த வருஷம் ஒரு காலையில், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவருக்குக் கோடரிச் சத்தம் கேட்டது. கரும்பு விவசாயி செல்லப்பன், வெல்லம் காய்ச்சும் அடுப்புக்காக ஒரு வீரையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடிப்போய்த் தடுத்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை.

"நீங்க வருசக்கணக்கா ஒடிச்சிகினு போறீங்க. உங்களுக்கு இன்னா ஆயிடுச்சி? சாமி ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சார் காட்டுனீங்க."

தெய்வநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காட்டுக்கு வேலியாக நின்றது பயம் ஒன்றுதான். அதைப் பிடுங்கிப் போட்டது அவர் கை.

ஒரு மரத்தோடு நிற்குமா? மாசியில் ஊர் கூடி, காட்டை மொத்தமாகச் செங்கல் சூளைக்காரருக்கு விற்று ஐயனாருக்கே மண்டபம் கட்டுவது என்று முடிவு செய்தது. சாமிக்குச் செய்வதால் பாவமும் ஒட்டாதாம். தெய்வநாயகம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அது காடே இல்லை, ஊர்ப் புறம்போக்கு என்று அனுப்பிவிட்டார்கள். தேனீ போனால் உங்கள் தோட்டத்தில் காய் பிடிக்காது என்று ஊர்க் கூட்டத்தில் தொண்டை வறளப் பேசினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மரம் வெட்ட ஆள் இறங்குவதற்கு முந்தைய ஞாயிறு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெரிய பாலையில் ஏறினார். அதில் பட்டுப்போன கிளை எது என்று அவருக்குத் தெரியும். அடையாளத்துக்குச் சுண்ணாம்பு பூசியவரே அவர்தான். அன்று கண்ணீர் மறைத்ததில் அதன்மேலேயே காலை வைத்தார்.

வலது கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்கு இருசப்பனும் செல்லப்பனும் வந்தார்கள். செல்லப்பன் உள்ளே வராமல் கதவோரமே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நெசத்தச் சொல்லுங்க சார்," என்றார் இருசப்பன். "கிள முறிஞ்சிதான் வுழுந்தீங்களா? வேற ஒண்ணும் இல்லியா?"

அவர் கேட்பது என்ன என்று தெய்வநாயகத்துக்கு விளங்கியது. கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் ஆயுளில் சொல்லாத மனுஷன். கதவோரம் நின்ற செல்லப்பனை ஒருமுறை பார்த்தார்.

"முதுகுல யாரோ கை வெச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு," என்றார்.

இருசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூளைக்காரரின் லாரி வெறுமனே திரும்பிப் போனது. வெட்டிய மரத்துக்காகச் செல்லப்பன் குடும்பத்தோடு வந்து பொங்கல் வைத்தார். காடு பிழைத்தது.

வாத்தியார் பிழைத்தாரா என்று கேட்காதீர்கள். மதகடிப்பட்டு ஜவுளிக்கடை வீட்டுக் கஸ்தூரியை அவருக்கு நிச்சயித்திருந்தார்கள். சாமி அடித்த ஆளுக்கு எவர் பெண் கொடுப்பார்? தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. கல்லூரியில் கூட வேலை பார்த்தவர்கள், "ஐயனார் சௌக்கியமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கஸ்தூரியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர்வாய்க்கு மூடி ஏது? ஒருத்தருக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னதுதான். அவர் சொல்லவில்லை. ராத்திரிச் சோற்றைத் தானே வடித்து, தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு வருஷங்களைத் தள்ளினார்.

காட்டுக்குள் அவர் இனிமேல் கால் வைக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அதனால் கம்பை ஊன்றி வந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து, பைனாகுலரில் உச்சிகளைப் பார்ப்பார். அவ்வளவு தூரத்திலிருந்து பச்சை தெரிந்தது. பூ தெரியவில்லை.

எண்பத்தைந்தில் ஒரு புயலுக்கு மறுநாள் போனார். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், வண்டிப்பாதையில், ஒரு கொப்பு விழுந்து கிடந்தது. அதில் வேரோடு ஓர் ஆர்க்கிட். அத்தனை வருஷம் ஏறியும் அவர் கண்டிராத மஞ்சள் பூ. யாரும் இன்னும் பெயர் வைக்காததாகக்கூட இருக்கலாம். கையை நீட்டினார்.

புல்லுக்கட்டோடு வந்த சின்னபொண்ணு என்ற பெண் நின்றாள். "காத்துல நெறைய வுழுந்துகெடக்குது சார். அடுப்புக்குப் பொறுக்கிக்கலாம்னு வூட்டுக்காரரு சொல்றாரு. உங்களுக்குத்தான் தெரியும். இப்பவும் தொட்டா எதனா ஆவுமா?"

தெய்வநாயகம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"ஆவும்மா," என்றார். "என் காலப் பாரு."

பிறகு கம்பின் நுனியால், பூ கசங்காமல், அந்தக் கொப்பை எல்லைக் கல்லுக்கு அப்பால் தள்ளினார்.